இரண்டாம் இராபர்ட்டின் இரு மணங்களும் ஸ்டூவர்ட் மரபுவழிச் சிக்கலும்

மரபுவழி ஆய்வில் சான்று கிடைக்காத இடத்தில் ஆய்வாளர் வாளா இருக்கலாம். ஒரே மனிதரின் பிறப்பைப் பற்றி இரு சான்றுகள் இருவேறு செய்தி கூறும் இடத்தில் அவ்வாறு இருக்க இயலாது. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க வேண்டும்; அல்லது இரண்டும் எவ்வாறு எழுந்தன என விளக்க வேண்டும். ஸ்காட்லாந்துப் பிரபுக்குடிகளின் வரலாற்றில் இத்தகைய முரண்கள் பலவாகும். அவற்றுள் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் தீராது நின்றதும், ஓர் அரச மரபின் உரிமையையே ஐயத்திற்கு உள்ளாக்கியதும் ஸ்டூவர்ட் மரபின் முதல் அரசரான இரண்டாம் இராபர்ட்டின் மணங்களைப் பற்றிய முரணேயாகும். அவர் முதலில் மணந்தவர் எலிசபெத் மியூரா, யூபீமியா ராசா என்பது வினா. இவ்வினா எழுந்த வகையையும், அது தீர்க்கப்பெற்ற வகையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குடிவழி

ஸ்காட்லாந்தின் விடுதலைப் போரை நடத்திய முதலாம் இராபர்ட் (இராபர்ட் புரூஸ்) தம் மகள் மார்ஜரியை வால்டர் என்பவருக்கு மணமுடித்தார். வால்டரின் குடியினர் அரண்மனை நிருவாகத் தலைமைப் பதவியைத் தலைமுறை தலைமுறையாக வகித்தவர்கள். அப்பதவியின் பெயரான 'ஸ்டூவர்ட்' என்பதே பின்னர் அவர்தம் குடிப்பெயராயிற்று. இவ்விருவரின் மகன் இராபர்ட் ஸ்டூவர்ட் 1316இல் பிறந்தார். புரூஸுக்கு அப்போது ஆண்மகவு இன்மையால், 1318இல் கூடிய பாராளுமன்றம் பேரனாகிய இக்குழந்தையை அரசுரிமைக்கு உரியவராக அறிவித்தது. 1324இல் புரூஸுக்கு டேவிட் என்னும் மகன் பிறந்தார். எனவே டேவிட்டுக்குப் பிள்ளைப்பேறு இல்லாதுபோயின் இராபர்ட்டுக்கு அரசு என 1326இல் வரிசை மாற்றியமைக்கப்பட்டது. தாய்மாமன் அரசராக, அவரைவிட எட்டு வயது மூத்த மருமகன் வாரிசாகக் காத்திருக்கும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. அக்காத்திருப்பு நெடியது. டேவிட் 1371 பிப்ரவரி 22ஆம் நாள் மகப்பேறின்றி இறந்தார். மார்ச் 26ஆம் நாள் ஸ்கோன் நகரில் ஐம்பத்தைந்து வயதில் இராபர்ட் முடிசூடினார்.

எலிசபெத் மியூர் அயர்ஷயர்ப் பகுதியிலுள்ள ரோவாலன் என்னும் ஊரைச் சார்ந்த சர் ஆடம் மியூரின் மகள். இவர் வழியாக இராபர்ட்டுக்கு ஜான், வால்டர், இராபர்ட், அலெக்சாண்டர் என்னும் ஆண்மக்களும் பெண்மக்களும் பிறந்தனர். மூத்தவரான ஜானே 1390இல் மூன்றாம் இராபர்ட் என்னும் பெயருடன் அரியணை ஏறியவர். ஆங்கிலேயர்க்குப் பணிந்துபோன ஜான் பேலியலின் நினைவால் ஜான் என்னும் பெயர் அரசருக்குத் தீநிமித்தமாகக் கருதப்பட்டமையே இப்பெயர் மாற்றத்திற்குக் காரணம் என்பர். இரண்டாமவரான யூபீமியா ராஸ், ராஸ் நாட்டு ஏர்லாகிய ஹியூவின் மகள். மோரே நாட்டு ஏர்லாகிய ஜான் ராண்டால்ஃபின் கைம்பெண். இவர் வழியாகப் பிறந்த ஆண்மக்கள் ஸ்ட்ராத்தெர்ன் ஏர்ல் டேவிட்டும், அத்தால் ஏர்ல் வால்டரும் ஆவர்.

மண வரிசையைத் தீர்மானிப்பதே அரசுரிமையைத் தீர்மானிப்பதாகும். எலிசபெத் முதல் மனைவியெனின் ஜானும் அவர் வழிவந்த அரசர்களும் உரியவர்கள். யூபீமியா முதல் மனைவியென்றும், எலிசபெத்தின் மக்கள் மணத்திற்குப் புறம்பே பிறந்தவர்கள் என்றும் கொண்டால், உரிமை டேவிட்டின் வழிக்குச் சென்றுவிடும். அவ்வழி ஒரே மகளான யூபீமியாவின் மூலம் கிரகாம் குடியினரிடம் சேர்ந்தது. 1603இல் இங்கிலாந்தின் முடியையும் சூடிய ஆறாம் ஜேம்ஸ் உள்ளிட்ட ஸ்டூவர்ட் அரசர் அனைவரும் ஜானின் வழியினர் என்பதை நோக்க, இவ்வினாவின் கனம் விளங்கும்.

நூல்கள் கூறுவன

காலத்தால் முற்பட்ட சான்று, ஜான் போர்டனின் பெயரால் வழங்கும் பதினான்காம் நூற்றாண்டு ஆண்டுக்குறிப்புகளில் உள்ளது. இக்குறிப்புகள் முழுவதையும் போர்டனே எழுதினாரா என்பது இற்றை ஆய்வாளரால் ஐயுறப்படுகிறது. எனினும் அவை இரண்டாம் இராபர்ட்டின் வாழ்நாளை ஒட்டியவை என்பதில் ஐயமில்லை. இராபர்ட் ஆடம் மியூரின் மகளோடு கூடி வாழ்ந்து, திருமணத்திற்குப் புறம்பே மக்களைப் பெற்றார் என்றும், பின்னர்ப் போப்பாண்டவரின் தடைநீக்க ஆணையைப் பெற்று 1349இல் திருச்சபை முறைப்படி அவரை மணந்தார் என்றும் அவை குறிக்கின்றன.

பதினாறாம் நூற்றாண்டு நூல்கள் இதனின்று வேறுபடுகின்றன. ஹெக்டர் பொய்ஸ் 1527இல் பாரிசில் வெளியிட்ட இலத்தீன் வரலாறும், ஜார்ஜ் புக்கனன் 1582இல் எடின்பரோவில் வெளியிட்ட வரலாறும் எலிசபெத்தைக் காமக்கிழத்தியாகவும், யூபீமியாவை முறைப்படி மணந்த மனைவியாகவும் காட்டுகின்றன. புக்கனன் கூறும் கதை விரிவானது. எலிசபெத்தை லோதியன் பகுதியைச் சார்ந்த கிஃபர்டு என்பவருக்கு இராபர்ட் மணமுடித்து வைத்தாராம். தாம் அரசரான பின்னர் யூபீமியாவும் கிஃபர்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இறக்கவே, பழைய அன்பின் காரணமாக எலிசபெத்தை மணந்தாராம். மணந்தபின் அவர்தம் மக்களை யூபீமியாவின் மக்களுக்கு முன்னே வைத்தாராம். கதையாக நோக்கின் இது சுவை மிக்கது. காலக்கணக்கில் எளிதில் உடைந்துபோவது. எனினும் நூறாண்டுக்கு மேல் கற்றோரின் பொதுக்கருத்தாக விளங்கியது இதுவே. போர்டனின் பெயரிலுள்ள நூல் கையெழுத்துப் படிகளில் முடங்கிக் கிடந்தது. தாமஸ் ஹேர்ன் அதனைப் பதிப்பித்தது 1722இல்தான். பொய்ஸும் புக்கனனும் அச்சேறி ஐரோப்பா முழுவதும் பரவினர்.

இவ்விடத்து எண்ணிக்கையால் மயங்குதல் கூடாது. பொய்ஸும் புக்கனனும் கூறுவதால் இரு சான்றுகள் உள்ளன எனக் கொள்ளலாகாது. புக்கனன் பழங்கால வரலாற்றுக்குப் பெரிதும் பொய்ஸையே சார்ந்தவர். மேலும் புக்கனன் அரசரின் வரம்பற்ற அதிகாரத்தை மறுத்தவர். அரசர் மக்களால் ஆக்கப்படுபவர், நீக்கப்படவும் தக்கவர் என்னும் கொள்கையர். அரச மரபின் தொடக்கத்திலேயே முறைகேடு உண்டு என்னும் செய்தி அவர்தம் கொள்கைக்கு இடையூறாக இருந்திருக்க முடியாது. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 1584இல் அவருடைய நூல்களைக் கண்டித்துத் தடுத்தமைக்குக் காரணம் அவர்தம் அரசியற் கொள்கையே. ஆயினும் ஆசிரியரின் சார்பைக் காட்டிவிட்டதனாலேயே அவர் கூற்று பொய்யாகிவிடாது. அதனை மறுக்கச் சான்று வேண்டும்.

முரணால் விளைந்தவை

இம்முரண் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஸ்ட்ராத்தெர்ன் ஏர்ல் டேவிட்டின் மகள் யூபீமியா, பேட்ரிக் கிரகாமை மணந்தார். அவர்தம் மகன் மாலிஸ் கிரகாமிடமிருந்து ஸ்ட்ராத்தெர்ன் ஏர்ல் பட்டத்தை 1427இல் முதலாம் ஜேம்ஸ் பறித்து, அதற்கீடாக மென்டீத் ஏர்ல் பட்டத்தை வழங்கினார். ஸ்ட்ராத்தெர்னை வாழ்நாள் உரிமையாகப் பெற்றவர் மாலிஸின் பாட்டனாருக்குத் தம்பியான அத்தால் ஏர்ல் வால்டர். 1437 பிப்ரவரியில் பெர்த் நகரில் முதலாம் ஜேம்ஸ் கொல்லப்பட்டார். கொலைஞர்க்குத் தலைமை ஏற்றவர் மாலிஸின் சிற்றப்பனாராகிய சர் இராபர்ட் கிரகாம். உடந்தையாயிருந்ததாகத் தண்டிக்கப்பட்டுத் தலை இழந்தவர்களுள் முதியவரான அத்தால் ஏர்லும் ஒருவர். அவர் அரியணையை விரும்பினாரா என்பதில் வரலாற்றாசிரியரிடையே ஒத்த கருத்து இல்லை. எனினும் இரு மனைவியரின் வழியினர்க்கு இடையே அரசுரிமை பற்றிய நினைவு அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் மங்காதிருந்தது என ஊகிக்க இடமுண்டு.

இரண்டாம் நிகழ்வு இன்னும் தெளிவானது. மென்டீத்தின் ஏழாம் ஏர்லாகிய வில்லியம் கிரகாம் முதலாம் சார்லசின் ஆட்சியில் ஸ்காட்லாந்தின் தலைமை நீதிப் பதவியையும், அரசவைத் தலைமையையும் வகித்த செல்வாக்குடையவர். அவர் 1630இல் ஸ்ட்ராத்தெர்ன் ஏர்ல் டேவிட்டின் சட்டமுறை வாரிசாகத் தம்மை நிறுவிக்கொண்டார். மறு ஆண்டில் ஸ்ட்ராத்தெர்ன் ஏர்ல் பட்டத்தையும் பெற்றார். மேலோட்டமாக நோக்கின் இது ஒரு பழம்பட்டத்தை மீட்கும் முயற்சியே. ஆனால் பொய்ஸையும் புக்கனனையும் படித்தவர்கள் இதில் வேறொன்றைக் கண்டனர். டேவிட்டின் வாரிசு என நீதிமன்றம் ஏற்ற ஒருவர், யூபீமியாவே முதல் மனைவி என்னும் கூற்று மெய்யாயின், அரியணைக்கே வாரிசாகிவிடுவார். கவிஞர் ஹாதார்ன்டன் வில்லியம் டிரம்மண்டு இவ்வபாயத்தை அரசருக்கு எழுத்து மூலம் எடுத்துரைத்தார். ஸ்காட்லாந்திலேயே மிகச் சிவந்த குருதி தம்முடையது என அந்த ஏர்ல் கூறியதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. 1633இல் ஸ்ட்ராத்தெர்ன் பட்டம் பறிக்கப்பட்டு ஏர்த் என்னும் புதுப்பட்டம் அவருக்குத் தரப்பட்டது. பதவிகளும் பின்னர்ப் போயின. காப்பகத்திலுள்ள ஆவணங்களைக் கொண்டு ஒரு நாளில் மறுத்திருக்கத்தக்க ஒரு கதையை அரசரும் அவர்தம் அமைச்சரும் மெய்யென நம்பி அஞ்சினர் என்பதே இங்கு வியப்புக்குரியது.

ஆவணங்கள்

மறுப்பதற்கான ஆவணங்களுள் இரண்டு ஸ்காட்லாந்திலேயே இருந்தன. இரண்டாம் இராபர்ட் முடிசூடிய மறுநாள், அதாவது 1371 மார்ச் 27ஆம் நாள், அவருக்குப் பின் அரசுரிமை உடையவர் மூத்த மகனாகிய ஜான் என ஸ்கோனில் அறிவிக்கப்பட்டது. 1373 ஏப்ரலில் இயற்றப்பட்ட அரசுரிமை வரிசைச் சட்டம் இதனை விரிவுபடுத்தியது. அச்சட்டம் ஜான், இராபர்ட், அலெக்சாண்டர், டேவிட், வால்டர் என ஐவரையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் அவர்தம் ஆண்வழிக்கும் உரிமையை முறையே வழங்குகிறது. இவர்களை அரசரின் முதல் மனைவி, இரண்டாம் மனைவி ஆகியோரின் மக்கள் எனக் குறிப்பது இச்சட்டத்தின் தனிச்சிறப்பு. இங்கே முதல் மனைவியின் மக்கள் யாவர் என்பதைப் பெயர் வரிசையே காட்டிவிடுகிறது. மேலும் டேவிட்டின் பெயர் வால்டருக்கு முன் வருவதால், யூபீமியாவின் மக்களுள் மூத்தவர் டேவிட் என்பதும் பெறப்படும்.

புக்கனனின் கதைப்படி எலிசபெத்தின் மணமே அவர்தம் மக்கள் முன்வைக்கப்பட்டதற்குக் காரணம். ஆனால் யூபீமியா அரசியாக வாழ்ந்த காலத்திலேயே, முடிசூட்டு விழாவின் மறுநாளே ஜான் வாரிசாக ஏற்கப்பட்டார். இவ்வொரு நாட்குறிப்பே அக்கதையின் அடித்தளத்தை அசைக்கப் போதுமானது. ஆயினும் எதிர்த்தரப்பினர்க்கு ஒரு விடை எஞ்சியிருந்தது. ஆட்சியிலிருக்கும் அரசர் தமக்கு வேண்டிய மக்களைப் பாராளுமன்றத்தைக் கொண்டு வாரிசாக்கினார் எனவும், 'முதல் மனைவி' என்பது அரசரின் விருப்பத்திற்கேற்ப எழுதப்பட்ட சொல் எனவும் அவர்கள் கூற இயலும். எனவே இராபர்ட் அரசராவதற்கு முன்பே எழுந்த சான்று தேவைப்பட்டது.

அத்தகைய சான்று பாரிசிலிருந்து வந்தது. சமயச் சீர்திருத்தத்தின்போது, 1560இல், கிளாஸ்கோவின் பேராயர் ஜேம்ஸ் பீட்டன் தம் பேராலயத்தின் ஆவணங்களைப் பிரான்சு நாட்டிற்கு எடுத்துச் சென்றார். அவற்றுள் ஒரு பகுதி பாரிசிலுள்ள ஸ்காட்டியக் கல்லூரியில் சேர்ந்தது. அக்கல்லூரியின் முதல்வரான லூயிஸ் இன்னஸ் அவற்றிலிருந்து ஒரு சாசனத்தைக் கண்டெடுத்து 1695இல் அச்சிட்டார். 1364 சனவரி 12 என நாளிட்ட அச்சாசனத்தை வழங்கியோர் இருவர். ஒருவர் ஸ்ட்ராத்தெர்ன் ஏர்லும் அரண்மனைத் தலைமை நிருவாகியுமாகிய இராபர்ட். மற்றொருவர் அவருடைய மூத்த மகனும் வாரிசும் கைல் நிலப்பகுதியின் பிரபுவுமாகிய ஜான். எலிசபெத்தை மணப்பதற்காகப் போப்பாண்டவர் வழங்கிய தடைநீக்கத்தின் நிபந்தனையை நிறைவேற்றும் பொருட்டு, கிளாஸ்கோ பேராலயத்தில் ஒரு குருவை அமர்த்தி வழிபாடு நடத்துவதற்கு அவர்கள் நிறுவிய அறக்கட்டளையே அச்சாசனத்தின் பொருள். அதில் எலிசபெத் மறைந்தவராகக் குறிக்கப்படுகிறார்.

நாளைப் பற்றி ஒரு குறிப்பு தேவை. ஸ்காட்லாந்தில் 1600ஆம் ஆண்டு வரை மார்ச் 25ஆம் நாளே புத்தாண்டின் தொடக்கம். ஆகவே சனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள நாள்கள் முந்தைய ஆண்டின் எண்ணையே ஏற்கும். சாசனத்தின் 1364 சனவரி நம் கணக்கில் 1365 சனவரி ஆகும். டேவிட்டின் இறப்பைப் பழைய நூல்கள் 1370 எனக் குறிப்பதும் இதனாலேயே. ஸ்காட்லாந்துக் குடிவழிகளில் ஓராண்டு வேறுபாடாகத் தோன்றும் முரண்கள் பல இவ்வாறு கணக்கு வேறுபாட்டால் எழுந்தவை. அவற்றை முரணெனக் கருதி விவாதித்தல் வீண்முயற்சி.

ஓராண்டு முன்பின் ஆயினும் சாசனத்தின் பயன் குறையவில்லை. 1373க்குப் பின் மணக்கோலம் பூண்டதாகக் கூறப்படும் எலிசபெத் அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே மண்ணில் இல்லை. அரியணை கிட்டுமா என்பதே உறுதியற்றிருந்த காலத்தில் ஜான் மூத்த மகனாகவும் வாரிசாகவும் தந்தையோடு சாசனம் வழங்குகிறார். இத்தகைய ஆவணங்களின் வலிமை அவற்றின் நோக்கத்தில் உள்ளது. வரலாற்று நூல் மரபுவழியைக் கூறவென்றே எழுதப்படுவது. ஆதலின் அதனைத் திரிக்க ஒருவருக்கு எண்ணம் எழலாம். அறக்கட்டளைச் சாசனமோ குருவின் ஊதியத்தை உறுதி செய்ய எழுந்தது. மனைவி இறந்தவர் என்பதும், மகன் மூத்தவர் என்பதும் அதில் போகிற போக்கில் வந்து விழுந்த செய்திகள்.

லூயிஸ் இன்னஸும் சார்பற்றவர் அல்லர். 1688இல் முடியிழந்து பிரான்சில் அடைக்கலம் புகுந்த ஏழாம் ஜேம்சின் அணுக்கர் அவர். ஸ்டூவர்ட் மரபின் தூய்மையை நாட்டுவதில் அவருக்குப் பெரும் நாட்டம் இருந்தது. அதனை அறிந்தே அவர் சாசனத்தை 1694இல் பாரிசின் தலைசிறந்த ஆவண அறிஞர்களின் பார்வைக்கு வைத்தார். ஆவணங்களின் மெய்ம்மையை ஆராயும் முறைக்கு 1681இல் தம் பெருநூலால் அடித்தளமிட்ட ழான் மபியோனும் அவர்களுள் ஒருவர். எழுத்து, முத்திரை, தோல் ஆகியவற்றை நோக்கி அவர்கள் அதனை மெய்யெனச் சான்றளித்தனர். அதே 1695இல் எடின்பரோவில் டார்பட் பிரபுவாகிய ஜார்ஜ் மெக்கன்சி மூன்றாம் இராபர்ட்டின் பிறப்பைத் தற்காத்து ஒரு நூல் வெளியிட்டார். இவர் ஏழாம் ஜேம்சை நீக்கி ஆட்சிக்கு வந்த வில்லியத்தின் கீழ் அரசு ஆவணக் காப்பகத் தலைமையை வகித்தவர். எதிரெதிர் அரசியல் அணிகளைச் சார்ந்த இருவர் ஒரே முடிவுக்கு வந்தமை கருதத்தக்கது.

தடைநீக்க ஆணை

சாசனம் ஒரு வினாவைத் திறந்தே விட்டது. தடைநீக்கம் பெற்றதை அது கூறுகிறது. பெற்ற ஆண்டைக் கூறவில்லை. தற்காப்போர் மக்கள் பிறப்பதற்கு முன்பே மணம் நிகழ்ந்தது என்றனர். மறுப்போர் அதற்குச் சான்றில்லை என்றனர். போர்டனின் பெயரிலுள்ள குறிப்பு 1722இல் அச்சேறியபோது அது கூறிய 1349 என்னும் ஆண்டு தற்காப்போர்க்கே இடர்தந்தது. ஏனெனில் ஜான் பிறந்தது 1337ஐ ஒட்டி என்பர்.

1789இல் வத்திக்கான் பதிவேடுகளிலிருந்து அந்த ஆணையே கண்டறியப்பட்டது. ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் 1798இல் வெளியிட்ட ஸ்டூவர்ட் குடிவரலாற்று நூல் அதனைக் கற்றோர் அறியச் செய்தது. போப் ஆறாம் கிளெமென்ட் அவிஞ்ஞோன் நகரிலிருந்து வழங்கிய அவ்வாணையின் நாள் 1347 நவம்பர் 22. அதன் செய்தி மிக நுட்பமானது. இராபர்ட்டும் எலிசபெத்தும் நான்காம் தலைமுறையில் உறவினர். அதாவது இருவர்க்கும் பாட்டனின் பாட்டன் நிலையில் முன்னோர் ஒருவர் பொது. 1215ஆம் ஆண்டு இலாத்தரன் பொதுச்சங்கம் வகுத்த விதிப்படி இவ்வெல்லைக்குள் மணம் கூடாது. மற்றொரு தடையும் இருந்தது. எலிசபெத்துக்கு முன் இராபர்ட் கூடி வாழ்ந்த இசபெல்லா பூட்டில்லியர் என்னும் பெண், எலிசபெத்துக்கு மூன்றாம், நான்காம் தலைமுறை உறவினர். அதனால் மணவழித் தடையும் சேர்ந்தது. இவ்வுறவுகளை அறியாது இருவரும் நெடுங்காலம் கூடி வாழ்ந்து ஆணும் பெண்ணுமாக மக்கள் பலரைப் பெற்றனர் என்றும், அவர்கள் மணந்துகொள்ளலாம் என்றும், பிறந்த மக்களும் பிறக்கவிருக்கும் மக்களும் முறைப்படி பிறந்தவர்களாகக் கொள்ளப்படுவர் என்றும் ஆணை கூறுகிறது. பதிவேட்டில் எலிசபெத்தின் குடிப்பெயர் 'மோர்' எனக் காணப்படினும், சாசனத்தோடும் ஆண்டுக்குறிப்புகளோடும் ஒப்புநோக்க அவர் ரோவாலன் மியூரின் மகளே என்பது உறுதியாகிறது.

1347 என்னும் ஆண்டு தற்செயலானதாகத் தோன்றவில்லை. 1346 அக்டோபர் 17ஆம் நாள் நெவில்ஸ் கிராஸ் போர்க்களத்தில் டேவிட் அரசர் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். பதினோராண்டுகள் கழித்தே மீண்டார். பிள்ளையற்ற அரசர் பகைவர் கையில் இருக்க, வாரிசாகிய இராபர்ட் நாட்டின் பொறுப்பை ஏற்றார். அந்நிலையில் தம் மக்களின் பிறப்புரிமையை ஐயத்திற்கு இடமின்றி ஒழுங்கு செய்வது அவருக்கு அவசரத் தேவையாயிற்று எனக் கருதலாம். அதே போரில்தான் மோரே ஏர்ல் ஜான் ராண்டால்ஃப் மாண்டு, யூபீமியா கைம்பெண் ஆனார். எனவே அப்போருக்கு முன் இராபர்ட்டும் யூபீமியாவும் கணவன் மனைவியாக இருந்திருக்க இயலாது. அதற்குப் பின் பதின்மூன்றாம் மாதத்திலேயே எலிசபெத்தை மணக்க ஆணை பிறந்துவிட்டது. யூபீமியாவை மணப்பதற்கான தடைநீக்கம் 1355இல்தான் வந்தது. யூபீமியா முதல் மனைவியாவதற்கு இக்காலக்கணக்கில் இடமே இல்லை. போப்பாண்டவரின் பதிவேடு கிடைக்காதிருந்தாலும், ஒரு போரின் நாளும் ஒரு பிரபுவின் இறப்பும் கொண்டு இவ்வளவையும் உய்த்துணர்ந்திருக்கலாம் என்பது மரபுவழி ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது.

மூன்று வினாக்கள்

இங்ஙனம் ஆவணங்களை நிரல்படுத்தி நோக்கும்போது, ஒரே வினாவாகத் தோன்றியது மூன்று வினாக்களின் கலவை என்பது புலனாகிறது. இரு பெண்டிருள் முதலில் மணக்கப்பட்டவர் யார்? முதல் மணம் நிகழ்ந்தது எப்போது? மணத்திற்கு முன் பிறந்த மக்களின் நிலை யாது? முதல் வினாவில் பொய்ஸும் புக்கனனும் முழுதும் பிழைபட்டனர். இரண்டாவதில், எலிசபெத்தின் மூத்த மக்கள் முறையான மணத்திற்கு முன் பிறந்தவர்கள் என்னும் அளவில், அவர்தம் கூற்றில் உண்மையின் கூறு இருந்தது. அரச மரபைத் தற்காத்தவர்கள் முதல் வினாவில் வென்று, அவ்வெற்றியால் இரண்டாவதிலும் தாம் கூறியதே சரியெனக் கொண்டனர். அது சரியன்று. 1336ஐ ஒட்டி இருவரும் திருச்சபை முறைக்கு உட்படாத ஏதோவொரு மணத்தைச் செய்துகொண்டனர் என்பாரும் உளர். அதனை ஏற்பினும், தடையின் காரணமாக அது திருச்சபைச் சட்டத்தின்முன் செல்லாத மணமே. இருசாராரும் வைத்திராத நிலைப்பாட்டை, அதாவது முன்னே மக்கள், பின்னே தடைநீக்கம், அதன்பின் மணம் என்பதை, பதினான்காம் நூற்றாண்டு ஆண்டுக்குறிப்பு ஒன்றே தொடக்கம் முதல் கூறி வந்தது.

பிழையான கதை பிறந்த வகையையும் இதனால் ஊகிக்கலாம். எலிசபெத் 1355க்கு முன்பே இறந்துவிட்டமையால் அவர் ஒருபோதும் அரசியாகவில்லை. முடிசூடிய அரசி யூபீமியாவே. அரசியின் மக்கள் இளையோராகவும், அரசியல்லாதவரின் மக்கள் மூத்தோராகவும் இருக்கும் ஒரு குடும்பத்தில், மூத்தோர் மணத்திற்கு முன் பிறந்தவர்கள் என்னும் நினைவும் நிலவினால், பின்வந்தோர் அரசியையே முறையான முதல் மனைவியாகக் கொள்ளுதல் இயல்பு. எலிசபெத் முறைப்படி மணக்கப்பட்டவர் என்னும் செய்தியையும் கைவிட முடியாமையால், அம்மணத்தை அரசியின் இறப்புக்குப் பின் தள்ளிவைத்தனர் போலும். கிஃபர்டு என்னும் இடைக்காலக் கணவரின் தேவையும் இதனாலேயே எழுந்திருக்கலாம்.

மூன்றாம் வினா சட்டம் சார்ந்தது. ஆவணம் கிடைத்ததால் மட்டும் அது தீர்ந்துவிடவில்லை. பெற்றோர் பின்னர் மணப்பதால் முன்பிறந்த மக்கள் முறைப்பிறப்பினர் ஆவர் என்பது திருச்சபைச் சட்டமும் ஸ்காட்லாந்துச் சட்டமும் ஏற்ற விதி. ஆனால் மக்கள் கருவுற்ற காலத்தில் பெற்றோர்க்கிடையே மணத்தடை இருந்திருப்பின் இவ்விதி பொருந்துமா என்பதில் சட்ட அறிஞர்கள் வேறுபட்டனர். இராபர்ட், எலிசபெத் ஆகியோரிடையே இருந்தது இத்தகைய தடையே. வழக்கறிஞரும் தொல்லாவண அறிஞருமான ஜான் ரிடெல் 1843இல் வெளியிட்ட ஸ்டூவர்ட் குடி பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஆணை பிறந்த மக்களை வெளிப்படையாகவே குறிப்பது இங்குதான் முதன்மை பெறுகிறது. வெறும் மண அனுமதி மட்டும் கிடைத்திருந்தால் ஐயம் தொடர்ந்திருக்கும். போப்பாண்டவரின் ஆணை ஒரு நாட்டின் முடியுரிமையைக் கட்டுப்படுத்துமா என்று மேலும் கேட்பார்க்கு 1371, 1373ஆம் ஆண்டுகளின் பாராளுமன்ற நடவடிக்கைகளே விடையாகும். அவை அரசரின் மக்களை வரிசைப்படுத்தியதோடு நின்றன. பிறப்பு முறையானதா என்னும் விவாதத்திற்குள் புகவில்லை. அன்றைய பிரபுக்களுள் பலர்க்கு உண்மை தெரிந்திருக்கும். இவ்வமைதியை அறியாமை எனக் கொள்வதினும் இசைவு எனக் கொள்வதே பொருத்தம்.

ஆணையை உலகறியச் செய்த ஆண்ட்ரூ ஸ்டூவர்ட்டைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வழக்கறிஞராகிய இவர் 1760களில் நடந்த புகழ்பெற்ற டக்ளஸ் வழக்கில் ஹாமில்டன் கோமகனின் தரப்பில் உழைத்தவர். ஆர்ச்சிபால்டு டக்ளஸ் என்னும் இளைஞர் அவருடைய தாய் எனப்பட்டவருக்குப் பிறந்தவரே அல்லர் என நிறுவப் பிரான்சில் ஆண்டுக்கணக்கில் சான்றுகள் திரட்டினார். 1769இல் பிரபுக்கள் அவை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தம் காலத்துப் பிறப்பு வழக்கில் தோற்ற அவர், நான்கு நூற்றாண்டுப் பழமையுடைய பிறப்பு வழக்கைத் தீர்க்கும் ஆவணத்தை வெளிக்கொணர்ந்தார். அந்நூலுக்கும் உள்நோக்கம் உண்டு. ஸ்டூவர்ட் குடியின் ஆண்வழித் தலைமை தம் கிளைக்கு உரியது என நாட்டுவதே அதன் குறிக்கோள். அவ்வுரிமைக் கோரிக்கையை மறுத்து மறு ஆண்டே எடின்பரோவில் ஒரு மறுப்பு நூல் வெளிவந்தது. கோரிக்கை விவாதத்திற்கு உள்ளாயிற்று, ஆணை நிலைத்தது.

ஸ்ட்ராத்தெர்ன் வழியினரின் உரிமைக்குரலும் இதனோடு ஓய்ந்துவிடவில்லை. 1809இல் ஆயிரம் மணி நேரத்தில் ஆயிரம் மைல் நடந்து புகழ்பெற்ற இராபர்ட் பார்க்ளே அலர்டைஸ், மென்டீத் ஏர்லின் பெண்வழி வந்தவர் என்னும் முறையில் 1830களில் பழம்பட்டங்களைக் கோரி விண்ணப்பித்தார். அதன் பொருட்டு ஆவணங்களைத் திரட்டி நிக்கோலஸ் ஹாரிஸ் நிக்கோலஸ் 1842இல் ஸ்ட்ராத்தெர்ன், மென்டீத், ஏர்த் ஏர்ல்களின் வரலாற்றை வெளியிட்டார். அலர்டைசுக்குப் பட்டம் கிட்டவில்லை. ஆனால் 1633இல் அச்சத்தோடு மூடப்பட்ட குடிவழித்தாள்கள் அவ்வழக்கின் பயனாக அச்சேறி, யாவரும் அஞ்சாது படிக்கத்தக்கனவாயின. அப்போது அரியணையில் இருந்த விக்டோரியாவும் எலிசபெத் மியூரின் மகன் ஜானின் வழியினரே.